எகிப்திய வண்டு முத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காரப் என்பது என்ன?

சாணவண்டின் உருவில் செய்யப்பட்ட சிறு பொருள். மேற்புறத்தில் வண்டின் தலையும் சிறகு மூடியும் தெரியும், பக்கவாட்டில் மடங்கிய கால்கள் இருக்கும். அடிப்புறம் தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். அதில் எழுத்தோ சித்திரமோ குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். தலையிலிருந்து பின்புறம் வரை நீளவாக்கில் ஒரு துளை ஓடும். அதில் நூலைக் கோத்துக் கழுத்திலோ விரலிலோ கட்டிக்கொண்டார்கள். பொன் கம்பியைச் செருகி மோதிரமும் ஆக்கிக்கொண்டார்கள்.

பெரும்பாலானவை 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். கி.மு. 2000க்குச் சற்று முன்பு தோன்றி, கிரேக்கர் எகிப்தை ஆளவந்த காலம் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இவை புழக்கத்தில் இருந்தன. ஏழை, அரசன், குழந்தை, பிணம் என்று யாரையும் இவை விட்டுவைக்கவில்லை. உலக அருங்காட்சியகங்களில் எகிப்துப் பகுதி என்று ஒன்று இருந்தால், அங்கே ஒரு தட்டு நிறைய வண்டுகள் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

எத்தனையோ உயிர்கள் இருக்க, சாணியை உருட்டும் வண்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அந்த வண்டு செய்வதை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள் என்பதுதான் காரணம். சாணவண்டு சாணத்தை உருண்டையாகத் திரட்டி, பின்கால்களால் தள்ளிக்கொண்டே போகிறது. வானத்தில் சூரியன் என்னும் உருண்டை கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. அதையும் ஏதோ ஒன்று உருட்டிக்கொண்டு போக வேண்டும் அல்லவா? காலையில் எழும் சூரியனுக்கு எகிப்தியர் வைத்த பெயர் கெப்ரி. அவருக்கு உருவம் வண்டு. லக்சரில் அரசி நெஃபர்தாரியின் கல்லறைச் சுவரில் கெப்ரியைப் பார்க்கலாம். மனித உடல், கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வண்டு. முதலில் பார்ப்பவர்களுக்குத் திகைப்பாக இருக்கும்; சற்று நேரம் நின்று பார்த்தால் அதன் கம்பீரம் புரியும்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. தாய் வண்டு மண்ணுக்கடியில் சாணத்தைப் பேரிக்காய் வடிவில் திரட்டி அதற்குள் ஒரு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சாணத்தையே தின்று வளர்ந்து, முழு வண்டாகி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒரு வண்டு மண்ணுக்குள் போகிறது. பல வாரம் கழித்து, அதே மண்ணிலிருந்து பளபளக்கும் புது வண்டு ஒன்று எழுகிறது. இந்த வண்டினத்தில் பெண்ணே கிடையாது, ஆண் தானாகவே உயிரை உண்டாக்குகிறது என்று எகிப்தியர் நம்பியதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்திருக்கிறார். எகிப்திய எழுத்தில் வண்டின் படம் ‘உருவாதல்’, ‘ஆகுதல்’ என்ற பொருளில் வரும் ‘கெப்பர்’ என்னும் ஒலியைக் குறிக்கும். ஆகவே ஒரு வண்டை அணிவது, மறுபடி மறுபடி உருவாகும் வரத்தை அணிவதாகும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சாணவண்டுகள் சூரிய ஒளியை வைத்தே திசை பிடித்து உருண்டையை நேர்கோட்டில் உருட்டுகின்றன என்று இன்றைய உயிரியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சூரியனையும் வண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த இரண்டையும் அவர்கள் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

இது தாயத்தா, முத்திரையா?

இரண்டும்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எகிப்தியர் குழம்பிப் போயிருப்பார். முதலில் வந்தது தாயத்து. அடிப்புறத்தில் எளிய கோலங்களோடு குழந்தைகளும் பெண்களும் அணிந்த சிறு காப்புகளாகவே தொடக்கத்தில் இவை கிடைக்கின்றன. பிறகு, மத்திய அரசுக் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 2030 முதல் 1650 வரை), பெயரும் பதவியும் பொறித்த அலுவல் முத்திரையாகவும் வண்டு மாறியது. அதுவரை களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகளே வழக்கில் இருந்தன. வண்டு அவற்றைப் பெரும்பாலும் ஓரம்கட்டிவிட்டது.

இரண்டு குணமும் ஒரே பொருளில் கூடியதற்கு எனக்குப் பிடித்த சான்று, வா என்பவரின் வெள்ளி வண்டு. மெகெட்ரே என்ற பெரிய அதிகாரியின் சொத்துகளை நிர்வகித்தவர் இந்த வா. காலம் ஏறத்தாழ கி.மு. 1980. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குழு 1920இல் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத்து மலைச்சரிவில் இவருடைய கல்லறையைத் தீண்டப்படாத நிலையில் கண்டது. மம்மியை நெடுநாள் அப்படியே வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது துணிச் சுருள்களுக்குள் நகைகள் தெரிந்தன. 1940இல் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த வண்டுகளில் ஒன்று வெள்ளியால் செய்தது. அதன் முதுகில் வெளிறிய பொன் இழைத்து இரண்டு பெயர்கள்: ஒன்று வா, மற்றொன்று அவருடைய எசமானர் மெகெட்ரே. அன்றைய எகிப்தில் வெள்ளி பொன்னைவிட அரிது. எசமானரின் பண்டகசாலைகளைப் பொறுப்பில் வைத்திருந்தவர், அந்தப் பொறுப்பின் அடையாளத்தையே காப்பாக அணிந்து மறு உலகுக்குப் போனார்.

முத்திரையாக எப்படிப் பயன்பட்டது?

எகிப்தில் அப்போது பூட்டும் சாவியும் கிடையாது. ஒரு பெட்டியை மூடினால், மூடியில் உள்ள குமிழையும் பெட்டியில் உள்ள குமிழையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றுவார்கள். கயிற்றின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் வண்டின் அடிப்புறத்தை அழுத்துவார்கள். நம் அலுவலகங்களில் பொட்டலத்தைக் கட்டி முடிச்சின்மேல் அரக்கு ஊற்றிச் சீல் குத்துவார்களே, அதே வேலைதான். அரக்குக்குப் பதில் நைல் நதிக்கரை மண். கதவு, சாடி, கூடை, தோல்பை, சுருட்டிய பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதம் எல்லாவற்றுக்கும் இதுவே காவல். திறக்க வேண்டுமானால் மண்ணை உடைக்க வேண்டும். உடைத்தால் மறைக்க முடியாது.

உடைந்த அந்த மண் கட்டிகளைக் குப்பையில் எறிந்தார்கள். அந்தக் குப்பைதான் இன்று நமக்குப் புதையல். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எகிப்திய வண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிக நம்பகமான பகுதி, கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் கற்களிலிருந்து வந்ததைவிட, யாரும் நின்று பார்க்காத பழுப்பு நிற மண் கட்டிகளிலிருந்து வந்ததே அதிகம்.

நைல் நதியின் இரண்டாம் அருவிப் பகுதியில் உரோனார்ட்டி என்றொரு தீவு இருக்கிறது. இன்றைய சூடான் எல்லைக்குள் வரும். மன்னர் மூன்றாம் செனுஸ்ரெத் அங்கே ஒரு கோட்டை கட்டினார். 1920களில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் அங்கே அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான மண் முத்திரைப் பதிவுகள் வந்தன. களஞ்சியத்தின் முத்திரை, கருவூலத்தின் முத்திரை, கோட்டையின் முத்திரை, தனி அதிகாரிகளின் முத்திரை என்று எல்லாம் கலந்து கிடந்தன. சில கட்டிகளில் முதலில் அலுவலகத்தின் பெரிய முத்திரையைப் பதித்து, அதன்மேல் ஓர் அதிகாரி தன் சொந்த வண்டையும் அழுத்தியிருக்கிறார். திறப்பது ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது, பொறுப்பேற்பவர் யார் என்பதும் தெரிய வேண்டும் என்ற நிர்வாகக் கவலை 3,800 ஆண்டுகளுக்கு முந்தையது.

கட்டியின் பின்புறமும் பேசும். கயிற்றின் முறுக்கு, மரக் குமிழின் வளைவு, கூடையின் பின்னல், பாப்பிரஸ் நார் எல்லாம் அச்சாகப் பதிந்திருக்கும். முன்புறம் யார் என்று சொல்கிறது. பின்புறம் எதை மூடினார் என்று சொல்கிறது. அஸ்வான் அணைக்குப் பின் உரோனார்ட்டியும் ஏரி நீரில் மூழ்கிவிட்டதாகவே பல ஆண்டுகள் நம்பினார்கள். கோட்டை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கிறது என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்து, மீண்டும் அங்கே ஆய்வு நடந்திருக்கிறது.

எந்தப் பொருளால் செய்தார்கள்?

அதிகம் மாக்கல்தான். நகத்தாலேயே கீறலாம் என்னும் அளவுக்கு மென்மையானது. அதனால் நுணுக்கமாகச் செதுக்க முடியும். செதுக்கியபின் நீலம் அல்லது பச்சை மெருகு பூசிச் சூளையில் சுடுவார்கள். வெப்பத்தில் அந்த மென்கல்லே கடினமான கனிமமாக மாறிவிடும். மெருகு காலப்போக்கில் உதிர்ந்துவிட்டதால்தான் இன்று பல வண்டுகள் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தெரிகின்றன. செய்த நாளில் அவை வானத்து நிறத்தில் ஒளிர்ந்திருக்கும்.

அடுத்தது ஃபையான்ஸ். இதில் களிமண் கிடையாது. அரைத்த படிகக்கல் பொடியோடு காரப் பொருளும் சுண்ணமும் செம்புத் துகளும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சுடுவார்கள். மேற்பரப்பில் தானாகவே நீலமெருகு படரும். அச்சு இருந்தால் ஒரே மாதிரி நூறு செய்யலாம் என்பதால் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. வசதி படைத்தவர்களுக்குச் சூதுபவளம், செவ்வந்திக்கல், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி, பச்சை ஜாஸ்பர், பொன் ஆகியவை இருந்தன. செவ்வந்திக்கல் வண்டுகள் மத்திய அரசுக் காலத்தில் மிகவும் விரும்பப்பட்டன. அந்தக் கல் கடினம் என்பதால் பலவற்றின் அடிப்புறம் வெறுமையாகவே இருக்கும்.

அடியில் என்ன எழுதியிருக்கும்?

அரசர் பெயர், அதிகாரியின் பெயரும் பதவியும், தெய்வப் பெயர், வேண்டுதல், புத்தாண்டு வாழ்த்து எல்லாம் இருக்கும். எழுத்தே இல்லாமல் சுருள் கோலங்கள், தாமரை, நாகம், முதலை, சிங்கம், மான் என்று சித்திரம் மட்டும் உள்ளவையும் ஏராளம். எழுத்தறியாத பெரும்பான்மையினருக்குச் சித்திரமே போதுமானதாக இருந்தது.

மன்னர் பெயர் இருந்தால் அந்த மன்னர் காலத்தது என்று கொள்ளலாமா?

கூடாது. புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான்.

மூன்றாம் துட்மோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1479 முதல் 1425 வரை ஆண்டவர். அவருடைய அரியணைப் பெயர் மென்கெப்பெர்ரே. சூரிய வட்டம், மென் என்ற குறி, வண்டு ஆகிய மூன்று எழுத்துகளில் முடிந்துவிடும். பெரும் வெற்றி வீரர் என்ற புகழால் அந்தப் பெயரே மந்திரமாகிவிட்டது. அவர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயரோடு வண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள். அணிந்தவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்காது. அந்த மூன்று குறிகளும் காக்கும் என்பது மட்டும் தெரியும். பிரமிடு கட்டிய பழைய மன்னர்களின் பெயரைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பொறித்த வண்டுகளும் உண்டு.

இதற்கு நேர் எதிரான நிலையும் இருக்கிறது. ஷேஷி என்றொரு மன்னர் இருந்தார். கோயில் இல்லை, கல்வெட்டு இல்லை, கல்லறை இல்லை. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நூற்றுக்கணக்கான வண்டுகளும் மண் பதிவுகளும் தெற்கே நூபியாவிலிருந்து (இன்றைய சூடான் பக்கம்) வடக்கே கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) வரை கிடைத்திருக்கின்றன. ஆசியாவிலிருந்து வந்த வம்சங்கள் வட எகிப்தை ஆண்ட காலத்தைச் சேர்ந்தவர் அவர். ஒரு முழு ஆட்சிக்கு எஞ்சிய சாட்சி இந்தச் சிறு வண்டுகள் மட்டுமே.

ஆகவே காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் பெயரை மட்டும் நம்புவதில்லை. தலை எந்த வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது, சிறகு மூடியைப் பிரிக்கும் கோடு ஒற்றையா இரட்டையா, கால்களுக்கிடையே வெளி விட்டிருக்கிறதா, மண்ணின் எந்த அடுக்கில் எந்தப் பானையோடு கிடைத்தது என்று பல திசையிலிருந்தும் பார்க்கிறார்கள். இவற்றில் கடைசிக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. கிடைத்த இடம் தெரியாத வண்டு, முகவரி கிழிந்த கடிதம்.

மூன்றாம் அமென்ஹோடெப் வெளியிட்ட பெரிய வண்டுகள் என்ன?

ஏறத்தாழ கி.மு. 1390 முதல் 1352 வரை ஆண்ட இந்த மன்னர், வண்டைச் செய்தி அறிவிப்பாக மாற்றினார். உள்ளங்கையை நிறைக்கும் அளவு. அடிப்புறம் முழுவதும் வரிவரியாக எழுத்து. இதுவரை 200க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. ஐந்து வகைச் செய்திகள் இருக்கின்றன.

முதல் வகை அரசி டையைப் பற்றியது. அவருடைய தந்தை யூயா, தாய் துயா என்று பெயர் சொல்கிறது. அவர்கள் அரச குலத்தவர் அல்லர். அதை மறைக்காமல், இந்தப் பெண் பேரரசர் ஒருவரின் மனைவி, அவருடைய எல்லை தெற்கே நூபியாவின் கரோய் வரை, வடக்கே சிரியாவின் நஹரின் வரை என்று அந்த வண்டு முழங்குகிறது. சிரியக் கடற்கரையில் உகாரித், கானானில் பெத் ஷெமேஷ் ஆகிய இடங்களில்கூட இந்த வகை கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் நடந்த காட்டுக் காளை வேட்டை. முதல் நாள் 56, குதிரைகளுக்குச் சில நாள் ஓய்வு கொடுத்தபின் 40, ஆகமொத்தம் 96 காளைகளை மன்னர் வீழ்த்தினாராம். மூன்றாவது சிங்க வேட்டை: ஆட்சியின் முதல் பத்தாண்டுகளில் தம் அம்பாலேயே 102 சிங்கங்கள். இந்த வகைதான் எண்ணிக்கையில் மிக அதிகம். நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நான்காவது, பத்தாம் ஆண்டில் வட சிரியப் பகுதியை ஆண்ட மித்தானி அரசின் இளவரசி கிலுகெப்பா 317 பெண்கள் சூழ வந்து சேர்ந்த செய்தி.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதினோராம் ஆண்டில், டையின் ஊரான ஜாருகாவில் அவருக்காக ஓர் ஏரி அமைக்க மன்னர் ஆணையிட்டார். நீளம் 3,700 முழம், அகலம் 700 முழம். எகிப்திய அரச முழக் கணக்கில் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டருக்கு 370 மீட்டர். ஆணை பிறந்தது வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதம் முதல் நாள். ஏரித் திறப்பு விழா அதே மாதம் 16ஆம் நாள். பதினைந்து நாளில் இவ்வளவு மண்ணைத் தோண்டியிருக்க முடியாது; வெள்ளம் நின்ற தாழ்நிலத்தைக் கரை கட்டித் தேக்கியிருப்பார்கள் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திறப்பு நாளில் மன்னர் ஏறிச் சென்ற படகின் பெயர் ‘ஒளிரும் ஆட்டன்’. அந்த ஆட்டன் என்ற சூரிய வட்டத்தையே ஒரே தெய்வமாக்கி எகிப்தைத் தலைகீழாக்கப்போகிறவர், இதே தம்பதியின் மகன் ஆகநாட்டன்.

இதய வண்டு என்றால் என்ன? மற்ற வண்டுகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இது உயிரோடு இருப்பவருக்கானது அன்று. அணிவதற்கும் அன்று, முத்திரை குத்துவதற்கும் அன்று. மம்மியின் மார்பில், இதயத்துக்கு மேலே வைப்பதற்கு மட்டும்.

எகிப்தியருக்கு நினைவும் அறிவும் மனச்சாட்சியும் குடியிருந்த இடம் இதயம். உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியாக எடுத்து எறிந்துவிடுவார்கள். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். இறந்தவர், மறு உலகை ஆளும் தெய்வமான ஓசிரிஸின் நீதிமன்றத்தில் நிற்கும்போது ஒரு தட்டில் அவருடைய இதயம், மறு தட்டில் மாட் என்னும் நெறித் தெய்வத்தின் இறகு. அனுபிஸ் என்ற தெய்வம் தராசைச் சரிபார்ப்பார். தோத் என்ற தெய்வம் முடிவை எழுதிக்கொள்வார். முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மிட் அருகிலேயே காத்திருக்கும். இதயம் நிறை தவறினால் அது விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு இருப்பே கிடையாது.

இங்கேதான் நுட்பமான ஓர் அச்சம் வருகிறது. மற்றவர்களிடம் எதையும் மறைக்கலாம். சொந்த இதயத்திடம் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி அதுதான். அது வாயைத் திறந்துவிட்டால்? அதனால்தான் வண்டின் அடிப்புறத்தில், இறந்தோர் நூல் என்று நாம் அழைக்கும் மந்திரத் தொகுப்பின் 30ஆ (30B) என்ற பகுதியைப் பொறித்தார்கள். அதன் சாரம் இது: என் தாயிடமிருந்து நான் பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே, நீதிமன்றத்தில் என்னை எதிர்க்காதே, தராசைக் காப்பவர் முன்னால் எனக்கு எதிராகச் சாயாதே.

இறந்தவர் கெஞ்சுவது தெய்வத்திடம் அன்று, தம் நெஞ்சிடமே. பண்டைய உலகின் மரண நூல்களில் நான் படித்தவற்றுள் இவ்வளவு நேர்மையான வேண்டுதலை வேறெங்கும் கண்டதில்லை. குற்றமே செய்யாதவர் இதை எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. குற்றமே செய்யாதவர் எவரும் இல்லை என்பதை அந்த மக்கள் அறிந்தே இருந்தார்கள்.

பச்சைக் கல்லில் செய்து பொன் சட்டமிட வேண்டும் என்று அந்த மந்திரத்தோடு குறிப்பும் இருக்கிறது. பச்சை, துளிர்க்கும் பயிரின் நிறம். நடைமுறையில் கறுப்புக் கல்லும் நீல ஃபையான்ஸும்கூட உண்டு. அவரவர் வசதிக்கு ஏற்றபடி.

மிகப் பழையவற்றுள் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 17ஆம் அல்லது 16ஆம் நூற்றாண்டில் தீப்ஸை ஆண்ட சொபெகெம்சாஃப் என்ற மன்னருடையது. பச்சை ஜாஸ்பர் வண்டுக்கு மனித முகம், பொன் பீடம், அதில் சற்றுக் கோணலாக வெட்டிய எழுத்து. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஓர் ஆவணம் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டில், கல்லறைக் கொள்ளையர் சிலர் பிடிபட்டார்கள். அமென்பநெஃபர் என்ற கல்தச்சர் விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் அப்படியே கிடைத்திருக்கிறது. மன்னர் சொபெகெம்சாஃபின் கல்லறைக்குள் சுரங்கம் தோண்டிப் புகுந்ததையும், மம்மியின் கழுத்தில் இருந்த பொன் தாயத்துகளைக் கழற்றிக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்ததையும் அவர் விவரிக்கிறார். அந்தப் பெயரில் இரண்டு மன்னர்கள் இருந்ததால், லண்டனில் உள்ள வண்டு கொள்ளைபோன மன்னருடையதுதானா என்ற விவாதம் தொடர்கிறது.

துட்டன்காமூன் நகையில் உள்ள மஞ்சள் வண்டு விண்கல்லால் செய்ததா?

விண்கல் அன்று, ஆனால் விண்ணோடு தொடர்புடையதுதான். 1922இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமூன் கல்லறையில் இருந்த மார்பணி ஒன்றின் நடுவே, வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த, ஒளி ஊடுருவும் வண்டு ஒன்று பருந்துச் சிறகு விரித்திருக்கும். கார்ட்டர் அதைக் கால்செடனி என்ற சாதாரண மணிக்கல் என்றே பதிவு செய்தார். 1990களில் நடந்த ஆய்வில் அது இயற்கைக் கண்ணாடி என்று தெரிந்தது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லையை ஒட்டிய பெரும் மணற்கடலில் மட்டுமே அந்தக் கண்ணாடி சிதறிக் கிடக்கிறது. ஏறத்தாழ 2.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்ணிலிருந்து வந்த ஒன்றின் கடும் வெப்பத்தில் மணல் உருகி உறைந்தது அது. நைல் நதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, நீரில்லாத மணற்குன்றுகளுக்கு நடுவே யாரோ அதைக் கண்டு பொறுக்கி வந்திருக்கிறார்கள்.

அந்த மன்னரின் நகைகளில் வண்டு அடிக்கடி வருவதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று. அவருடைய அரியணைப் பெயர் நெப்கெப்பெரூரே. அதை எழுதும்போது நடுவில் வண்டு வரும். மேலே சூரியன், நடுவே வண்டு, கீழே கூடை போன்ற குறி என்று நகையை வடிவமைத்தால் நகையே அவர் பெயராகிவிடும்.

எகிப்துக்கு வெளியே வண்டுகள் கிடைப்பது ஏன்?

வணிகம், படையெடுப்பு, பிறகு நகலெடுப்பு. கானான் நாட்டில் உள்ளூர்ப் பட்டறைகளே வண்டு செய்தன. அவற்றில் சிலவற்றில் எகிப்திய எழுத்துகள் பொருளில்லாமல் அலங்காரமாக அடுக்கப்பட்டிருக்கும். கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் நைல் கழிமுகத்தில் கிரேக்கர் குடியேறிய நௌக்ரடிஸ் நகரில் வண்டு செய்யும் பட்டறையே இருந்தது. 1880களில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரீ அங்கே அகழ்ந்தபோது அச்சுகள் குவியலாகக் கிடைத்தன. அங்கிருந்து கப்பலேறியவை மத்தியதரைக் கடல் ஊர்களில் கிடைக்கின்றன. சார்டினியத் தீவின் தாரோஸில் ஃபினீசியர் பச்சை ஜாஸ்பரிலும், இத்தாலியில் எட்ரஸ்கர் சூதுபவளத்திலும் வண்டு செய்தார்கள். எட்ரஸ்கர் வண்டுகளின் அடிப்புறத்தில் கிரேக்கக் கதைவீரர்கள் நிற்கிறார்கள். வண்டு மட்டும் எகிப்தியமாகவே இருந்தது.

உயிருள்ள வண்டை வழிபட்டார்களா? மனிதரைத் தின்னும் வண்டுகள் உண்டா?

வண்டுகளையும் மம்மியாக்கியிருக்கிறார்கள். கெய்ரோவுக்கு அருகே உள்ள சக்காராவில் துணி சுற்றிய வண்டு மம்மிகள் சிறு சுண்ணாம்புக்கல் பெட்டிகளில் கிடைத்ததாக எகிப்தின் தொல்பொருள் துறை 2018இல் அறிவித்தது. மனிதரைத் தின்னும் கூட்டம் திரைப்படங்களின் கற்பனை. சாணவண்டுக்குச் சாணம் போதும்.

கர்னாக் கோயிலில் உள்ள பெரிய கல் வண்டைச் சுற்றினால் வரம் கிடைக்குமா?

கர்னாக்கின் புனிதக் குளத்தருகே பீடத்தின்மேல் இருக்கும் அந்தக் கல் வண்டு மூன்றாம் அமென்ஹோடெப் காலத்தது. சுற்றுலாப் பயணிகள் அதைச் சுற்றி நடப்பது இன்றைய வழிகாட்டிகள் ஏற்படுத்திய பழக்கம். பழைய சடங்கு அன்று. சுற்றுபவர்கள் நின்று அதன் பீடத்தையும் பார்க்கலாம். தெய்வத்துக்கு மன்னர் படையல் தரும் காட்சி அதில் இருக்கிறது.

போலிகளை எப்படி அடையாளம் காண்பது?

வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. துளையின் வாயில் நூல் உரசிய தேய்மானம், மெருகு உதிர்ந்த விதம், எழுத்தின் ஒழுங்கு, வெட்டிய கருவியின் தடம் எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். லக்சரின் மேற்குக்கரை ஊர்களில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கைதேர்ந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பழைய கல்லிலேயே பழைய பாணியில் வெட்டினால் வல்லுநரே தடுமாறுவார்.

அறிஞர்களும் ஏமாந்திருக்கிறார்கள். மன்னர் நெக்கோவின் ஆணைப்படி ஃபினீசிய மாலுமிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதற்கு எகிப்தியச் சான்றே கிடைத்துவிட்டது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பெரிய வண்டுகள் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. பெரும் பரபரப்பு. விரைவிலேயே பெர்லின் அறிஞர்கள் அதன் மொழிநடையை ஆராய்ந்து, பிற்காலத்தவர் புனைந்தது என்று நிறுவினார்கள். எல்லோரும் காண ஆசைப்பட்ட சான்றை அப்படியே செய்து கொடுத்ததுதான் போலியின் வெற்றி.

உண்மையான வண்டை வாங்கலாமா?

என் பதில்: வேண்டாம். எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருள்கள் அரசுடைமை. விற்பதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். அதற்கு முன்பே வெளியேறி, முறையான ஆவணம் உள்ளவை ஏல நிறுவனங்களில் விற்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் மலிவாகக் கிடைப்பது ஒன்று போலியாக இருக்கும், இல்லையேல் இரவோடு இரவாகத் தோண்டியதாக இருக்கும். இரண்டாவது முதலாவதைவிட மோசம். 1 சென்டிமீட்டர் வண்டுக்காக ஒரு கல்லறை முழுவதையும் கலைத்துவிடுகிறார்கள். அதோடு அங்கிருந்த மண் கட்டிகள், பானைகள், எலும்புகள் எல்லாம் பொருளிழந்து போகின்றன. விருப்பமுள்ளவர்கள் லக்சர் கைவினைஞர் ஒருவரிடம், புதியது என்று சொல்லியே விற்கும் வண்டை வாங்குங்கள். உழைப்பும் நேர்மையும் அதில் இருக்கின்றன.

எங்கே பார்க்கலாம்?

துட்டன்காமூனின் நகைகளுக்கு கீசாவில் உள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம். மற்றபடி கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகம், லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெட்ரீ அருங்காட்சியகமும், இத்தாலியில் டூரின், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன். பல இடங்களில் வண்டுகளை முதுகு மேலே தெரியும்படி வைத்திருப்பார்கள். அடிப்புறத்தைக் காட்டக் கீழே கண்ணாடியோ பக்கத்தில் பதிவின் படமோ இருக்கிறதா என்று தேடுங்கள். மண் முத்திரைப் பதிவுகள் பெரும்பாலும் கீழ்த்தட்டிலோ மூலையிலோ இருக்கும். நேரம் குறைவாக இருந்தால் முதலில் அவற்றிடம் போங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பல தங்கள் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன; வீட்டிலிருந்தபடியே அடிப்புறத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.